பட்டாளத்தான் மேட்டில் ஒரு கல்

உச்சிவெயிலில் காய்ந்த கருங்கல்லின் மேல் ஒரு செம்புத் தண்ணீரைச் சாய்த்தால் முதலில் 'சுர்' என்று ஓர் ஓசை எழும். பின்னாலேயே சுண்ணாம்பும் சூடும் புழுதியும் கலந்த ஒரு வாசனை வரும். சித்திரையில் நான் இருபது எண்ணுவதற்குள் அந்த ஈரம் காய்ந்துவிடும், மார்கழியில் நூறைத் தாண்டியும் நிற்கும். எதைக் கண்டாலும் எண்ணும் சீக்கு எனக்குச் சின்ன வயதிலேயே வந்தது. இன்றும் மாத்திரைப் பட்டையில் எத்தனை குழி காலி என்று பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. ஆனால் அந்தக் கல்லின் ஈரத்தை எண்ணியதற்கு வேறு காரணம் இருந்தது. அது காய்ந்தால்தான் நானும் மதினியும் வீட்டுக்குத் திரும்பலாம்.

எங்கள் ஊர் கம்பத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கிறது. மேற்கே திரும்பினால் மலை, கிழக்கே திரும்பினால் தூரத்தில் இன்னொரு மலை. நடுவில் ஆறும் வயலுமாக நாங்கள். ஊருக்கும் மலைக்கும் இடையில், ஓடைக்கரையை ஒட்டி முள்ளும் ஆவாரஞ்செடியும் மண்டிய ஒரு மேடு இருந்தது. அதற்குப் 'பட்டாளத்தான் மேடு' என்று பெயர். இடுப்பளவுக் கற்கள் அங்கே மேற்கைப் பார்த்து நட்டு வைக்கப்பட்டிருந்தன. "எண்ணாதலே, எண்ணுனா ஒண்ணு கூடிரும்" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். நான் எண்ணினேன். முப்பத்தேழு. எத்தனை தடவை எண்ணியும் கூடவில்லை.

எந்த ராசாவின் பட்டாளம், எந்தச் சண்டைக்குப் போன பட்டாளம் என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது. வெள்ளைக்காரன் பட்டாளம் என்பார் ஒருவர், அதற்கும் முந்தியது என்பார் இன்னொருவர். எல்லாருக்கும் பொதுவான கதை இதுதான்: மலைக்காய்ச்சலோடு அவர்கள் மேற்கேயிருந்து இறங்கி வந்தார்கள், ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொருவராகப் படுத்தார்கள், உயிரோடு இருந்தவன் செத்தவனைப் புதைத்துத் தலைமாட்டில் கல் நட்டான், கடைசியில் மிஞ்சிய ஒருவனைப் புதைக்க அவர்களில் ஆளில்லாமல் ஊர்க்காரர்கள் புதைத்தார்கள். சாகும்போது அவன் தண்ணீர் கேட்டானாம். ஊர்ப் பெண் ஒருத்தி கொடுத்தாளாம். எங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வீட்டு ஆம்பளையை எந்தப் பட்டாளத்திலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிக் கண்ணை மூடினானாம். ஊர் வழக்கு பேசுவதில் முதல் ஆளான மொக்கைப் பெரியப்பாவிடம், அவன் எந்தப் பாஷையில் அதைச் சொன்னான், நம் ஆட்களுக்கு எப்படிப் புரிந்தது என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி கேக்குறவனுக்குப் பாச எதுக்குலே? ஒங்க வாத்தியாரு இத மட்டும் சொல்லிக் குடுக்கலையாக்கும்" என்று சொல்லிச் சுற்றியிருந்தவர்களைச் சிரிக்க வைத்துவிட்டார்.

அந்தக் கதையிலிருந்துதான் எங்கள் ஊர் வழக்கம் பிறந்தது. பட்டாளத்துக்கு ஆள் போன வீடு ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் மேற்கு முகத்தில் சுண்ணாம்பு அடித்துக் காவியில் பொட்டு வைப்பார்கள். 'முகம் எழுதுறது' என்று அதற்குப் பெயர். செவ்வாயும் வெள்ளியும் உச்சிப்பொழுதில் போனவனின் பெண்டாட்டி தண்ணீர் ஊற்ற வேண்டும், செம்பை அந்த வீட்டு ஆண் கை தொட்டுக் கொடுக்க வேண்டும். போனவன் திரும்பி வந்தால் தன் கையாலேயே சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவிவிடுவான். வரவே மாட்டான் என்று தெரிந்துபோனால் கல்லின் முகம் மண்ணில் படும்படி குப்புறத் தள்ள வேண்டும். அதைச் செய்ய பெற்றவளுக்கு மட்டுமே உரிமை. அவள் கை பட்டுக் கல் கவிழ்ந்த பிறகுதான் கருமாதி, தாலி இறக்குவது எல்லாம். முந்திய சண்டைக்குப் போய் வராதவர்களின் கற்கள் இரண்டு அங்கே அப்படிக் கவிழ்ந்து கிடந்தன.

என் அண்ணன் சின்னச்சாமி தேனிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போனவன், பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அப்போது ஜெர்மன் சண்டை தொடங்கியிருந்தது. கல்யாணமாகி ஏழு மாதம். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனவர். ஆத்தா, எங்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அன்று முழுவதும் அவனோடு மல்லுக்கு நின்றாள். "ரெண்டு மலைக்கு நடுவுல ஆட்டுக்கல்லுக் கொழவி கெணக்கா கெடந்து சுத்தச் சொல்றியா ஆத்தா? வெளிய என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். மேட்டில் ஆத்தா தேர்ந்தெடுத்த கல்லுக்கு இடது தோளில் ஒரு மூளி. சின்ன வயதில் மாடு முட்டி அண்ணனின் இடது காதும் அப்படித்தான் மூளியாகியிருந்தது.

வெளியே போக ஆசைப்பட்டவன் போனான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். மதினியின் பெயர் பேச்சி. கிழக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடமலைக்குண்டில் பிறந்தவள். மலையை ஊடுருவிப் போக முடிந்தால் அரைநாள் நடைதான். ஆனால் தேனி வரைக்கும் பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி என்று மலையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். செவ்வாய் உச்சியில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினால் புதன்கிழமை போய்ச் சேரலாம், வியாழன் திரும்பினால்தான் வெள்ளி உச்சிக்குள் மேட்டில் நிற்கலாம். பிறந்த வீட்டில் அவளுக்கு அளக்கப்பட்ட பொழுது அவ்வளவுதான். அதனால் அவள் போவதேயில்லை. தலையில் பூ வைத்தால் "புருசன் சண்டையில கெடக்கான், இவளுக்குப் பூவப் பாரு" என்பார்கள். வைக்காவிட்டால் "அவனுக்கு முன்னாடியே முடிவு கட்டிட்டா" என்பார்கள். ஒரு கனகாம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வைக்கவும் முடியாமல் போடவும் முடியாமல் அவள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஆண் கை என்று இருந்தது என்னுடையது மட்டும்தான். உத்தமபாளையத்துப் பள்ளியில் தங்கிப் படிக்க வாத்தியார் இடம் பேசி வைத்திருந்தார். "செம்ப யாரு தொட்டுக் குடுப்பா?" என்று ஆத்தா ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டாள். எனவே வாரத்தில் இரண்டு நாள், உச்சிவெயிலில், நான் செம்பைத் தொட்டுக் கொடுப்பேன், மதினி ஊற்றுவாள், இருவரும் காயும்வரை நிற்போம். நான் ஈரத்தை எண்ணுவேன், அவள் கிழக்கு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எத்தன ஆச்சு கொழுந்தா?" என்பாள். "அறுவது." "மெதுவா எண்ணு. வேகமா எண்ணுனா மட்டும் விட்ருவாகளா?" என்பாள்.

மூன்றாவது வருஷம் அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு ஆத்தா மனமில்லாமல் விடை கொடுத்தாள். நானும் துணைக்குப் போனேன். புதன்கிழமை தாலி கட்டினார்கள், வியாழக்கிழமை மதினியின் அம்மா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழ அழ நாங்கள் கிளம்பினோம். வெள்ளி காலை தேனியில் 'கரி பஸ்' கிடைத்தது. பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக் கரியை எரித்து ஓட்டுவார்கள். சின்னமனூர் தாண்டியதும் அது நின்றுவிட்டது. கிளீனர் அடுப்பைக் கிண்டினான், ஊதினான், வைதான், பஸ் அசையவில்லை. இறங்கி நடந்தோம், மதினி பல இடங்களில் ஓடினாள். மேட்டுக்குப் போனபோது சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஆத்தா கல்லுக்குப் பக்கத்தில் செம்போடு நின்றாள். நான் தொட்டுக் கொடுத்தேன், மதினி ஊற்றினாள். கல் குளிர்ந்துபோயிருந்தது. 'சுர்' என்ற ஓசை வரவில்லை. ஆத்தா எங்களுக்கு முன்னால் நடந்து போனாள்.

அடுத்த மாதமே சர்க்கார் காகிதம் வந்தது. அதைப் படித்துச் சொன்னவன் நான். மலாயாவில் ஆளைக் காணவில்லை, வேறு தகவல் இல்லை, அவ்வளவுதான். ஆத்தா காகிதத்தைப் பார்க்கவில்லை, மதினியைப் பார்த்தாள். "அன்னைக்கு மேட்டுல கெடக்கிறவுக மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. எம்புள்ளய விட்டுட்டாக" என்றாள். காணாமல் போன தேதி காகிதத்திலேயே இருக்கிறது, அது பஸ் நின்றுபோன வெள்ளிக்கிழமைக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே முந்தியது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். "தேதி போடுறவன் அங்கன பாத்தானா?" என்றாள் ஆத்தா. அதற்கு மேல் என் கணக்குக்கு மதிப்பில்லை. அன்றிலிருந்து ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி தவறக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. மதினியும் தன் குற்றம்தான் என்று நம்பிவிட்டாளோ என்னவோ, காய்ச்சலிலும் செம்பைத் தூக்கினாள்.

சண்டை முடிந்தது. எங்கள் ஊரிலிருந்து போன நாலு பேரில் இரண்டு பேர் வந்து தங்கள் கல்லைச் சுரண்டிக் கழுவினார்கள். மூன்றாமவனுக்குச் சாவுச் செய்தி வந்து அவன் தாய் கல்லைக் கவிழ்த்தாள். எங்கள் கல் மட்டும் சுண்ணாம்பு முகத்தோடு நின்றது. மதினியின் அய்யா வந்தார். முன்பும் பலமுறை வந்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி, ஒன்றும் கேட்காமலே திரும்பிப் போவார். இந்தத் தடவை கேட்டார். எங்கள் பக்கத்தில் புருஷன் இறந்தவள் மறுபடி தாலி கட்டிக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான். அவருடைய ஊரில் பெண்டாட்டியை இழந்த ஒருவர், ஒரு குழந்தையோடு இருந்தார், நல்ல மனுஷன்.

"தங்கச்சி, எம்புள்ளைக்கு இருவத்தி நாலு வயசாகுது. நீ ஒரு வார்த்த சொன்னாத்தான் ஆச்சு. கல்ல..."

"கல்லு நிக்குது அண்ணே" என்றாள் ஆத்தா. "நிக்கிற கல்ல நான் எப்படித் தள்ளுவேன்? எம்மகன நானே கொன்னு போடவா?"

அவர் போன பிறகு வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆறு வருஷத்தில் மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசாத மதினி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவள், வாளியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"அத்த, அந்தக் கல்லுக்குக் கீழ கெடக்கானே, அவனுக்கும் பெத்தவ ஒருத்தி இருந்திருப்பால்ல? பெண்டாட்டி இருந்திருப்பால்ல? அவன் இங்கன கெடக்கிறது அவுகளுக்குத் தெரியுமா? அவளும் எங்கனயோ ஒரு கல்லுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான செத்திருப்பா? அவள எவ அவுத்து விட்டா?"

ஆத்தா கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டது. "போயி மாட்டக் கட்டு" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. மதினி வழக்கம்போல் செம்பைத் துலக்கினாள், வழக்கம்போல் போனோம், நான் எண்ணினேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலையில் பிடித்த மழை பொழுது சாயும்வரை விடவில்லை. எங்கள் கூரையில் ஒன்பது இடத்தில் ஒழுகியது. ஒன்பது பாத்திரம் வைத்தோம். நான் எண்ணிக்கொண்டே இருக்க, ஆத்தா ஒவ்வொன்றாக நிரம்ப நிரம்ப எடுத்து வாசலில் கொட்டிவிட்டு வந்து வைத்தாள். அன்று அவள் வாசற்படியைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. மழை விட்டதும் மூவரும் ஒழுகாத மூலையில் சாக்கை விரித்து ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தோம். விடிந்தபோது முதலில் எழுந்தவன் நான்.

காலையில் ஓடை மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடியது. கரை அரித்து நாலைந்து கற்கள் சாய்ந்திருந்தன. எங்கள் கல் மட்டும் வேரோடு பிடுங்கியது போல் புரண்டு, சுண்ணாம்பு முகம் சேற்றில் பட, மூளித் தோள் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. செய்தி பரவி ஊரே அங்கே கூடிவிட்டது. கல் கவிழ்ந்தது கணக்கில் சேருமா, சேராதா என்பதுதான் பேச்சு.

"சாமியே தள்ளி விட்ருச்சு. இன்னும் என்ன?" என்றார் ஒருவர்.

"சாமி எங்கனய்யா தள்ளுச்சு, ஓடத்தண்ணி தள்ளுச்சு. அப்படிப் பாத்தா ஒங்க வீட்டுச் செவரும்தான் விழுந்து கெடக்கு. அதுக்கும் கருமாதி வைப்பியா?" என்றார் மொக்கைப் பெரியப்பா. யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பெத்தவ கை படாம பொரண்ட கல்லு செல்லாது. எங்கப்பன் காலத்துலருந்து அதான் வழக்கம். நிமித்தி நடணும், புதுசா முகம் எழுதணும், ஒரு சேவல அறுத்து மொதல்லருந்து தண்ணிய ஆரம்பிக்கணும்."

முதலிலிருந்து. மதினி அப்போது எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அழவில்லை, முகம் மாறவில்லை. சேற்றில் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, காலையில் துலக்கிக் கொண்டு வந்த செம்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நாலு பேர் கடப்பாரையோடு கல்லை நெருங்கினார்கள்.

"தொடாதீக" என்றாள் ஆத்தா.

கூட்டம் திரும்பியது.

"மழை பொரட்டல. நான்தான் பொரட்டுனேன்."

மொக்கைப் பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்துப் பூரா வானம் பிச்சுக்கிட்டு ஊத்துச்சேம்மா. நீ எப்ப வந்த?"

"ஊத்துறப்பத்தான் வந்தேன். வெயிலு அடிக்கும்போதுதான் புள்ளையக் கொல்லணும்னு வழக்கமிருக்கா?"

"இம்புட்டுப் பெரிய கல்ல நீ ஒத்தையில..."

"பெத்தவளுக்கு அது கனமா? நீங்க பெத்துப் பாத்தீகளா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, ஆத்தா நேத்து வெளிய போனாளா?"

ஒன்பது ஒழுக்கும் ஒன்பது பாத்திரமும் என் கண் முன்னால் நின்றன. ஆத்தா என்னைப் பார்க்கவேயில்லை, கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில்தான் அவள் உண்மையாகவே அண்ணனைப் புரட்டிப் போட்டாள் என்று எனக்குத் தோன்றியது. "போனாக" என்றேன்.

அதன் பிறகுதான் அவள் சேற்றில் விழுந்து, மூளித் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறு வருஷமாக யார் முன்னாலும் அழாதவள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சாவு வீட்டு அழுகை அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது, உடல் இல்லாமல்.

காரியங்கள் முடிந்த பிறகு மதினியின் அய்யா வண்டியோடு வந்தார். மதினி ஆத்தாவின் காலில் விழப் போனாள். ஆத்தா தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, கலைந்த முந்தானையைச் சரி செய்துவிட்டாள். "போ. வெள்ளிக்கெழம நெனப்புல எந்திரிச்சு வந்துறாத" என்றாள். மதினி என்னைப் பார்த்து, "இனிமே வேற என்னத்தையாச்சும் எண்ணு கொழுந்தா" என்றாள். வண்டி திரும்பும்வரை சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அதன் பிறகு எனக்குத் தெரியவில்லை, கூண்டு வண்டி.

அடுத்த ஆனியில் நானும் உத்தமபாளையத்துக்குப் போனேன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, வெயில் உச்சியில் இருக்கும் நேரம், ஆத்தா ஓடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் அதே செம்பு, வெறும் செம்பு. "மூஞ்சி கழுவப் போனேன்" என்றாள். முகம் காய்ந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அண்ணன் வரவில்லை, அவனைப் பற்றிய செய்தியும் வரவில்லை. மதினிக்கு மூன்று பிள்ளைகள், ஒன்பது பேரன் பேத்திகள். நல்ல வயதில், சொந்த வீட்டில் போய்ச் சேர்ந்தாள்.

எனக்கு இப்போது எண்பத்தொன்பது. போன தை மாதம் பேரன் காரில் கூட்டிப்போனான். ஓடை சாக்கடையாகிவிட்டது. மேடு இல்லை, சமப்படுத்தித் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். முப்பத்தேழு கல்லில் ஐந்தைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்று கற்கள் பந்தலின் மூலைக் கம்பிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள் நிற்கின்றன, ஒன்று தொட்டியடியில் துணி துவைக்கும் கல். இங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு பலகை வைக்கக்கூட இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டக்காரப் பையனிடம் கேட்டால், "அப்படியா தாத்தா? எங்க அய்யா வாங்கும்போதே காடாத்தான் இருந்துச்சாம்" என்கிறான்.

ஐந்தாவது கல் மோட்டார் ரூமுக்கு வாசற்படி. குப்புறக் கிடந்தது. மேல் பக்கம் மிதிபட்டு வழவழவென்று ஆகியிருந்தாலும், ஒரு தோளில் இருந்த மூளி அப்படியே இருந்தது. நான் அதைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கீழ்முகத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் என்று அவனிடம் சொன்னேன்.

"பொரட்டிப் பாத்துருவமா தாத்தா? கடப்பாரை இங்கனதான் கெடக்கு."

அவன் எடுத்தும் வந்துவிட்டான். முனையைக் கல்லுக்கு அடியில் கொடுத்தான். ஓர் அழுத்து அழுத்தினால் அந்த முகம் வெளியே வந்துவிடும்.

"வேண்டாம்ப்பா" என்றேன். "எங்க ஆத்தா தன் கையால பொரட்டிப் போட்ட கல்லு. அப்படியே கெடக்கட்டும்."

குடித்து மிஞ்சிய தண்ணீரை அதன் மேல் சாய்த்துவிட்டு, காய்வதற்குக் காத்திராமல் எழுந்து வந்துவிட்டேன்.